மருந்து போட்டாச்சா?

என் மனைவி துப்பாக்கி சுடுவாள். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் முதலில் அவளைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிப்பார்கள். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லூரியில் என்.சி.சி.யில் பிடித்த துப்பாக்கியைப் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போகும்வரை விட்டிருந்தாள். ஓய்வுக்குப் பின் மறுபடி பிடித்துக்கொண்டாள். ராஜபாளையத்தைத் தாண்டி தளவாய்புரம் போகும் சாலையில், ஓடாமல் நின்றுபோன ஒரு நூற்பாலைக்குப் பின்னால் ஒரு கிளப் இருக்கிறது. அங்கே ஓர் இயந்திரம் மண் தட்டுகளை வானத்தில் வீசும். அவள் அவற்றை உடைப்பாள். உயிருள்ள எதையும் சுட்டதில்லை. கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள்.

நான் சுடுவதில்லை. கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். மாவட்டத்தின் துப்பாக்கிகள் அத்தனையும் காகிதமாக என் மேஜையைக் கடந்துதான் போயின. யாருக்கு எந்தச் சான்று வேண்டும், எந்த முத்திரை எந்த மூலையில் விழ வேண்டும் என்பது இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். துப்பாக்கியைக் கையில் எடுத்தால் எந்தப் பக்கம் கனம் என்று தெரியாது. அரசாங்கத்தில் இதற்குப் பெயர் அனுபவம்.

தோட்டா கிடைப்பது எப்போதும் பாடு. மதுரைக் கடையில் இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் கப்பல் வரவில்லை என்பார்கள். சுட்டு முடித்த காலிக் கூடுகளை வீட்டிலேயே திரும்ப அடைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அவளுடையது. அதற்கு அனுமதி வாங்கித் தந்தது நான். உரிமம் அவள் பெயரில், அனுமதி அவள் பெயரில், அவள் மேற்பார்வையில் கணவர் உதவி செய்வார் என்ற வரி மட்டும் என் பெயருக்கு. என் பழைய பிரிவிலிருந்து அந்தக் கோப்பை இரண்டு முறை குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு குறிப்பும் நியாயமானவை. அப்படிக் குறிப்பெழுதக் கற்றுக்கொடுத்தவனே நான்தான் என்பதால் கோபப்படவும் வழியில்லை.

மகன் படித்த பின்னறையைக் காலி செய்தோம். அந்த அறையில் அடுப்பில்லை, சுவிட்ச் போர்டு மேஜையிலிருந்து தள்ளி இருந்தது, கதவுக்கு நல்ல பூட்டு உண்டு. தோட்டா அடைக்கும், கைப்பிடி வைத்த பிரஸ் ஒன்றைக் கனமான தேக்கு மேஜையில் போல்ட் போட்டு முடுக்கினேன். வேலையின் வரிசை எளிது. சுட்ட கூட்டின் அடியிலிருந்து, பொறி கிளப்பும் பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதை இறக்க வேண்டும். பிறகு மருந்து, அதாவது வெடிமருந்து. மருந்தின் மேல் அட்டை, அட்டையின் மேல் ஈய ரவை. கடைசியில் கூட்டின் வாயை மடித்து மூட வேண்டும். இதை இலாகா நடையில் எழுதி, தட்டச்சு செய்து, சுவரில் ஒட்டினேன். அதில் ஒரு விதி: "உயரம் குறையுமிடத்து மெல்லிய அட்டை சேர்த்துச் சரிக்கட்டலாம்." உள்ளே அடைத்தது வாயருகே வந்தால்தான் மடிப்பு விழும், ஒவ்வொரு கூடும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பதற்காகச் சேர்த்த விதி அது. மெல்லிய அட்டைக்கு அலைய வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகள் நல்ல கெட்டி அட்டையில் வரும். வட்டமாக வெட்டும் குழாய் ஒன்றை வைத்து அவற்றிலிருந்து காசு காசாக வெட்டி ஒரு டப்பாவில் நிரப்பியிருந்தேன்.

"ரவை" என்று எழுதி ஒட்டியிருந்த இன்னொரு டப்பாவால் ஒரு முறை மட்டும் தொல்லை வந்தது. மம்சாபுரத்திலிருந்து வந்திருந்த அவளுடைய அக்கா, உப்புமா கிண்ட ரவை தேடிக்கொண்டு, திறந்திருந்த அறைக்குள் போய் அந்த டப்பாவைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை.

"ஏட்டி, உங்க வீட்டுக்காரரு ரவைய வறுக்காரா, வார்க்காரா? இம்புட்டுக் கனமாயிருக்கு!"

"அதுல கிண்டி அவருக்கே வையி. கொஞ்ச நாளு வாயத் தொறக்க மாட்டாரு" என்றாள் என் மனைவி.

எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கே அந்த டப்பாவின் பெயரை "ஈயம்" என்று மாற்றினேன். மருந்து என்று எழுதிய குப்பியின் பெயரை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அதை யாரும் சமையலுக்குத் தேட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு, ரத்தக் கொதிப்பும் உண்டு. காலையில் ஒரு மாத்திரை, மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. என் மனைவி வாயில் மாத்திரை என்ற சொல் வராது. அவள் பிறந்த வீட்டில் எல்லாம் மருந்துதான். அதைச் சாப்பிடுவதும் இல்லை, போடுவதுதான். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு அறையிலிருந்து அவள் குரல் வரும்: "ஏங்க, மருந்து போட்டாச்சா?" நானும் எந்த அறையில் இருந்தாலும் "போட்டாச்சு" என்பேன். போட்டிருந்தாலும் அப்படித்தான். போடாவிட்டாலும் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போய்ப் போட்டுக்கொள்வேன். நீண்ட நாள் சேர்ந்து வாழ்பவர்களின் பேச்சில் பாதி இப்படித்தான், வருகைப் பதிவேட்டில் "உள்ளேன் ஐயா" சொல்வது போல.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை கிளப்பில் தேர்வு வைத்தார்கள். மாநில அளவில் மூத்தவர்களுக்கான போட்டிக்கு மாவட்டத்திலிருந்து ஆள் எடுக்கும் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமை ஆக்கியிருந்தார்கள். அவளுக்கு வலது தோள் அடிக்கடி பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. அடுத்த வருடம் துப்பாக்கியை அந்தத் தோளில் ஏற்ற முடியுமா என்று அவளுக்கே தெரியாது. அதை அவள் சொல்லவில்லை. இரவில் தைலம் தேய்த்துவிடும்போது எனக்குத் தெரிந்தது. ஆகவே இந்தத் தேர்வுதான் தேர்வு.

அதற்கு முன் வியாழக்கிழமை மதியம் ஒரு பெட்டித் தோட்டா அடைத்தேன். சாப்பிட்டு முடித்து நேராக மேஜைக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை துப்பாக்கிப் பையையும் தோட்டாப் பெட்டியையும் காரில் வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள்.

"ஏங்க, மருந்து போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. நீ கெளம்பு. தட்டு ஒனக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்."

"தட்டு நிக்காது, பறக்கும். அதுக்குத்தான் போட்டியே வைக்கிறாங்க. கேட்டச் சாத்துங்க."

கேட்டைச் சாத்திவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் காலை மாத்திரை கிடந்தது. போடவில்லை. போட்டாச்சு என்று சொன்னது மட்டும்தான். கையில் எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

வியாழக்கிழமை மதியமும் இதே கேள்வி வந்தது. சமையலறையிலிருந்து பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கேட்டாள். அப்போது என் கையில் ஒரு கூடு இருந்தது. கேப் இறக்கியாகிவிட்டது. அடுத்தது மருந்து. "போட்டாச்சு" என்றேன். சொன்னதும் என் கை அட்டை டப்பாவுக்குப் போனது. அதன் பிறகு அந்தக் கூட்டின் உயரம் நன்றாகக் குறைந்தது என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது. விதிப்படி அட்டை சேர்த்தேன். போதவில்லை, இன்னும் ஒன்று சேர்த்தேன். பிறகும் ஒன்று. சரிக்கட்டினேன். கோப்பில் இருக்க வேண்டிய தாள் இல்லாதபோது வெள்ளைத் தாளை வைத்து எண்ணிக்கையைச் சரி செய்பவர்களை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

மருந்தில்லாத தோட்டா வெடிக்காது. அது ஆபத்தில்லை என்றுதான் தெரியாதவர்கள் நினைப்பார்கள். கேப் மட்டும் பொரிந்து, அட்டையைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளி, அங்கேயே நிறுத்திவிடும். தோட்டா சரியில்லை என்று நினைத்து அடுத்ததைப் போட்டுச் சுட்டால், அது வெளியேற வழியில்லாமல் குழல் கிழியும். குழலுக்குப் பின்னால் அவள் கன்னம் இருக்கும். தட்டைப் பார்க்கும் கண் இருக்கும்.

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிளப் செயலாளருக்குச் செய்தேன். அவருடையதும் அடித்துக்கொண்டே இருந்தது. சுடும் கோட்டுக்குப் பக்கத்தில் எவரும் கைபேசி கொண்டுவரக் கூடாது, அலுவலக அறையில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று கிளப் விதிகளில் ஒன்று உண்டு. அந்த விதிகளை எழுதிக் கொடுத்தது நான். விதிவிலக்கு எதுவும் வைக்காமல் எழுதியிருந்தேன். அதில் எனக்கு அப்போது பெருமைகூட.

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆட்டோ தேடுவது வீண் வேலை. எல்லா ஆட்டோவும் ஊருக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ராஜபாளையம் பஸ் ஒன்று நின்றது. அதில் ஏறி முன்னால் போய் நின்றேன். நாமம் போட்ட கூட்டம் பாதி பஸ்ஸை அடைத்திருந்தது.

"மல அடிவாரத்துக்குப் போற ஆளு எல்லாம் எறங்குங்கய்யா! இது ராஜாளையம் வண்டி. பெருமாளு இந்தப் பக்கம் வரமாட்டாரு" என்று கண்டக்டர் கத்தினார்.

"கொஞ்சம் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க தம்பி."

"நான் விசில்தான் ஊத முடியும் சார். டிரைவர் டீ குடிக்காரு. டீ கொதிக்கணும், ஆறணும், பொறவுதான் வண்டி."

வழியெல்லாம் போன் போட்டேன். ஒவ்வொரு முறையும் கிளப் அலுவலக அறையில் அவள் போன் அடித்துக்கொண்டிருப்பதை நினைத்துக்கொண்டேன். மற்ற போன்களோடு மேஜை மேல் அது அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு வருத்தமான விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் பயணத்தில் என் மனைவியைப் பற்றி மட்டும் நான் நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். என் தலையைப் பற்றியும் நினைத்தேன். வேலையின் வரிசை என் தலையில் அட்சரம் பிசகாமல் இருந்தது. அந்தத் தலையே ஒரு படியைத் தாண்டிவிட்டு, தாண்டியதை எனக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டது.

ராஜபாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சுடுத எடத்துக்கா? அங்க போக இம்புட்டு அவசரப்படுத ஆள இப்பத்தான் பாக்கேன்."

முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் வேகமாகப் போனார். மில்லின் புகைபோக்கி தெரியும் திருப்பத்தில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டம். ஒவ்வொரு வெடியும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அது அவளுடையதாக இருந்தால் அந்தத் தோட்டாவில் மருந்து இருந்திருக்கிறது. அப்புறம் சத்தம் நின்றது. ஆட்டோ வாசலுக்குப் போகும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை.

மில்லின் பழைய கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்து குறுக்கே பிடித்திருந்தாள். கிளப் செயலாளர், மாம்பழ வியாபாரம் செய்யும் பெரியவர், குழலுக்குள் பித்தளைக் கம்பி ஒன்றை மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்களோடு தமிழில் பேசினாலும் பதற்றம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும்.

"தேவுடா! வாங்க சார், வாங்க. மேடத்துக்கு ஒண்ணும் இல்ல. முதல்ல நீங்க ஒக்காருங்க, மூச்சு வாங்குதீங்க."

உட்காரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் முழுதாக இருந்தது. இரண்டு கண்ணும் என்னைப் பார்த்தன.

"மேடம் பண்ண காரியத்த இங்க பாதிப் பேரு பண்ண மாட்டான் சார்" என்றார் செயலாளர், கம்பியைத் தள்ளியபடி. "பொத்துனு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். மத்தவன்னா கூட்டக் கழத்திப் போட்டுட்டு அடுத்தத அடைச்சிருவான், தட்டு போயிருமேன்னு. மேடம் அப்படியே நிறுத்திட்டாங்க. குழலு வழியா வெளிச்சம் பாத்தாங்க. வெளிச்சம் வரல."

கம்பியின் முனையில் அட்டைகள் வெளியே வந்து விழுந்தன. நடுவில் வழவழப்பான காகித வட்டங்கள் இருந்தன. அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். தங்க எழுத்தில் "செல்வி" என்பதும், அதற்குக் கீழே பாதி வெட்டுப்பட்ட ஒரு குத்துவிளக்கும் இருந்தன. என் உள்ளங்கையில் வைத்தாள்.

"யாரு வீட்டுக் கல்யாணம்ங்க இது?"

"தெரியல."

"நாம போனோமா?"

"போகல."

செயலாளர் சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரிக்காமல் எழுந்து போனார். திரும்பி வந்து தம்முடைய தோட்டாப் பெட்டியை நீட்டினார். கம்பெனித் தோட்டா, பிரிக்காதது. மற்றவர்கள் காத்திருப்பதாகவும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றும் நடுவர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவள் எழுந்தாள். துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தாள். இறக்கினாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. கை நிக்க மாட்டேங்குது. இதோட சுட்டா தட்டுக்கே கேவலம்."

அவளுக்குக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. பிரசவத்துக்குப் போகும்போதுகூட ஆட்டோக்காரருக்குச் சில்லறையைத் தானே எண்ணிக் கொடுத்தவள். தேர்விலிருந்து விலகுவதாக அவள் எழுதிக் கொடுத்தாள். அதை எழுதுவதற்கும் என்னைக் கேட்கவில்லை.

திரும்பும்போது அவள்தான் காரோட்டினாள். ஊருக்குள் நுழைந்ததும் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு நான் கேட்டது ஒங்க சர்க்கரை மருந்த."

"தெரியும்."

"இப்பத் தெரியும்." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள். "இது ஒண்ணு மட்டும்னா நானும் சிரிச்சிட்டுப் போயிருவேன். போன மாசம் சர்ச்சுல பாட்டு முடிஞ்சு எல்லாரும் ஒக்காந்த பொறவு நீங்க மட்டும் மறுபடி எந்திரிச்சு நின்னீங்க. நான் இழுத்து ஒக்கார வச்சேன். ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. "இருக்கு" என்றேன். அவள் திரும்பி ஒரு முறை பார்த்தாள். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லும் என் வழக்கத்தை நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தோம் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் மிச்சமிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெட்டித் திறந்தோம். எல்லாவற்றிலும் மருந்து சரியாக இருந்தது. அவள் திருப்தியானாள். எனக்கு அது போதவில்லை. ஒன்றுகூடத் தவறாக இல்லாத வேலையில் ஒன்றே ஒன்று எப்படித் தவறும் என்பதுதான் என் பயம். எல்லாமே தவறாக இருந்தால் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பேன்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். உரிமம் புதுப்பிக்க வருகிறவர்களிடம் மனநலச் சான்று கேட்டு, முத்திரை மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிய நான், அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் சில சொற்களைச் சொல்லி, வேறு ஏதோ பேசிவிட்டு, அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். கலெக்டர் ஆபீஸ் சுவர்க் கடிகாரம்தான் மனதில் வந்தது. முள் எந்த மணியில் நிற்க வேண்டும் என்று அவர் சொல்ல, அங்கே வைத்தேன்.

"வயசுக்கு ஏத்த மறதி மாதிரிதான் தெரியுது" என்றார். "உறுதியாச் சொல்ல முடியாது. ஒரே நேரத்துல ரெண்டு வேலை வேண்டாம். வேலை செய்யும்போது பேச்சும் வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க, மறுபடி பாப்போம்."

இந்த வகை உத்தரவை எனக்கு நன்றாகத் தெரியும். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நானே ஆயிரம் பேருக்கு எழுதியிருக்கிறேன். கையில் வாங்கிக்கொண்டு வெளியே போனவர்கள் படிக்கட்டில் சற்று நேரம் நின்றதை என் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். நாங்களும் நின்றோம்.

மறுநாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். பிரஸ்ஸின் முதல் போல்ட்டைத் தளர்த்தும்போது அவள் வந்து வாசலில் நின்றாள்.

"என்ன பண்ணுதீங்க?"

"கழத்துறேன். ஒனக்குக் கம்பெனித் தோட்டா வர்ற அன்னைக்கு வரட்டும்."

"கழத்தாதீங்க."

"ஒன் மொகம்டி அது."

"என் மொகம்தான். அதான் நான் சொல்லுதேன்." உள்ளே வந்து ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கினாள். "இன்னைக்கு இத எடுத்தா, நாளைக்குக் கார் சாவிய எடுக்கணும். பொறவு கேஸ் அடுப்ப. ஒவ்வொண்ணா ஒங்ககிட்டருந்து வாங்கி வைக்க எனக்கு இஷ்டம் இல்ல. டாக்டர் சொல்லட்டும், அப்பப் பாத்துக்கிடுவோம். இப்ப இருக்கறத ரெண்டு பேருமாச் செய்வோம்."

போல்ட்டைத் திரும்ப முடுக்கியது அவள்தான். என்னைவிட இறுக்கமாக முடுக்கினாள்.

இப்போது வேலை இப்படி நடக்கிறது. கேப் மாற்றிய கூடுகளை நான் துளை போட்ட மரப்பலகையில் வாய் மேலே இருக்கும்படி நிறுத்துவேன். மருந்தை அவள் மட்டும்தான் போடுவாள். எல்லாவற்றிலும் போட்டு முடிக்கும்வரை ஓர் அட்டைகூட வைக்கக் கூடாது. நாள் முழுக்க எதையாவது பேசிக்கொண்டே இருக்கும் நாங்கள் அந்த நேரத்தில் வாய் திறப்பதில்லை. அழைப்பு மணி அடித்தாலும் யாரும் எழுவதில்லை. தளவாய்புரத்திலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் சண்டை போலிருக்கிறது என்று ஊரில் போய்ச் சொன்னாராம். சொல்லிக்கொள்ளட்டும்.

அவள் போட்டு முடித்ததும் டார்ச் என் கைக்கு வரும். குனிந்து முதல் கூட்டிலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் தலையாட்டுவேன். தலையாட்டிய பிறகுதான் அடுத்த கூடு. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கும் அவள் கூடுகளைப் பார்ப்பதில்லை. அவள் என்னைத்தான் பார்க்கிறாள்.